இரும்புப் பூதத்துக்கு மூன்று மதிப்பெண்

ஒசாகா
12 மே 1996

அன்புத் தங்கை நூருன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குளிர் போனதும் என் இருமலும் போய்விட்டது என்று உம்மாவிடம் சொல். உம்மாவின் முட்டிக்கு அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா? தேய்க்கிறார்களா, இல்லை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டார்களா?

நாங்கள் இரண்டு வருடம் கண் விழித்துச் செய்த ‘கோடெட்சு’ கடைகளுக்கு வந்துவிட்டது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு ராட்சத இயந்திர மனிதனை ஓட்டிச் சண்டை போடும் விளையாட்டு. ஒவ்வொன்றும் பத்து மாடி உயரம், சண்டை நடப்பது ஒரு நகரத்தின் நடுவில். மலேசியாவுக்குப் போகும், டோக்கன் போட்டு ஆடும் பெட்டிகளில் ஒன்று கிள்ளானுக்கே வருகிறது, பஸ் நிலையத்துப் பக்கம் ரெங்கசாமி அங்கிள் மாடியில் வைத்திருக்கும் கேம் கடைக்கு. பட்டியலில் நம் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

இங்கே பத்திரிகைகள் பத்துக்கு ஏழு கொடுத்திருக்கின்றன. படம் அழகு, சத்தம் பிரமாதம் என்கிறார்கள். எந்த ஊரில் எந்த மொழியில் விமர்சனம் வந்தாலும் எங்கள் மேலாளர் வெட்டி எடுத்து வைக்கிறார். டிசம்பரில் கூட்டம். வரவேற்பு நன்றாக இருந்தால் அடுத்த பதிப்பைச் செய்ய எங்கள் குழு நிற்கும், இல்லாவிட்டால் கலைத்துவிடுவார்கள். அப்புறம் எனக்கு வேலையும் இல்லை, விசாவும் இல்லை. கிள்ளானுக்குத் திரும்பி வாப்பாவின் துணிக்கடையில் கைலி மடிக்க வேண்டியதுதான். அதற்குப் பயந்துதான் மூன்று வருடத்துக்கு முன்னால் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நீதான் பிரிக்பீல்ட்ஸ் வாரப் பத்திரிகையில் வீடியோ கேம் பக்கம் எழுதுகிறாயே. நல்லதாக நாலு வரி எழுது. வாப்பாவுக்கு என் சலாம் சொல்லிப் பார். பதில் ஏதாவது சொன்னால் எனக்கு எழுது.

துஆவுடன்,
உன் காக்கா கிஃபாயத்துல்லா


கிள்ளான்
9 ஜூன் 1996

அன்புள்ள காக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உம்மாவின் முட்டியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். தைலத்தை உம்மா தேய்க்கவில்லை, “மகன் அனுப்பினது தீர்ந்து போயிடுமே” என்கிறார்கள். இன்னொரு புட்டி அனுப்புங்கள், அதையாவது தேய்க்கட்டும்.

உங்கள் பெட்டி வந்துவிட்டது. லோரியிலிருந்து இறக்கி மாடிப்படியில் ஏற்ற ஆறு பேர் வேண்டியிருந்ததாம். நானும் சந்திரகலாவும் போனோம். சந்திரகலா என் பக்கத்துக்குப் படம் வரைகிறவள், உங்களுக்குத் தெரியாது. வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. ஆட்டம் முடிந்து, செய்தவர்கள் பெயரெல்லாம் ஓடும்போது உங்கள் பெயர் வந்தது. நான் கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அழுகை வந்ததை இப்போதுதான் சொல்கிறேன்.

உடனே எழுத மாட்டேன். எந்த விளையாட்டையும் சில வாரம் ஆடிப் பார்த்துத்தான் எழுதுவது என் வழக்கம்.

வாப்பாவிடம் சலாம் சொன்னேன். “ம்” என்றார். இரவுச் சாப்பாட்டின்போது, “அவன் செஞ்சதப் பத்தி ஒன் பேப்பர்ல எந்த வாரம் வருது?” என்று கேட்டார். எதற்கென்று சொல்லவில்லை.

உங்கள் தங்கை,
நூரு


கிள்ளான்
31 ஜூலை 1996

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தைச் சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

என் விமர்சனம் வந்துவிட்டது. இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் எப்படியும் முதலில் கடைசி வரிக்குத்தான் போவீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன், பத்துக்கு மூன்று. யாரோ எழுதி உங்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக இந்தப் பத்தியை என் கையாலேயே எழுதுகிறேன்:

“இதைச் செய்த குழுவில் என் சொந்தக் காக்காவும் இருக்கிறார் என்பதை வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பத்து மாடி உயரத்துக்கு ஓர் இரும்புப் பூதத்தைச் செய்து, அதற்கு ஓடி ஒளியக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். முதலில் ஒரு குத்து விட வேண்டியது, பிறகு கடிகாரம் முடியும்வரை நகரத்தின் நடுவிலிருக்கும் கண்ணாடிக் கோபுரத்தைச் சுற்றி ஓட வேண்டியது. நேரம் முடிந்ததும் அடி குறைவாக வாங்கியவனுக்கு வெற்றி. கிள்ளானில் இப்போது எல்லாரும் இப்படித்தான் ஜெயிக்கிறார்கள். துணிந்து எதிரே நிற்கிறவன்தான் தோற்கிறான்.”

இதற்கு மேல்தான் விஷயம். அந்த வாரம் நம் வீட்டில் நபி பிறந்தநாள் மவ்லிது. ஓதி முடிந்ததும் வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்பும் நெய்ச்சோற்று நார்சா பொட்டலம் உங்களுக்கு நினைவிருக்கும். வாப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிரிக்பீல்ட்ஸ் போய், பத்திரிகையில் நூறு பிரதி வாங்கி வந்து, ஒவ்வொரு பையிலும் சோற்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்துவிட்டார். படிக்கவில்லை. தங்கை தன் காக்காவைப் பற்றி எழுதினால் அதில் படித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

ஓத வந்த லெப்பை வாசலிலேயே செருப்பைத் தேடிக்கொண்டு படித்தார். பெரிய மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். செலாயாங்கிலிருந்து வந்த மாமா, “ஏன் மச்சான், புள்ள மானத்த வாங்கத்தான் சோத்தோட குடுத்தீங்களா?” என்று கேட்டுவிட்டார். அப்போதுதான் வாப்பா ஒரு பையைப் பிரித்துப் படித்தார். மடித்து உள்ளேயே வைத்தார். அதிலிருந்து என்னோடு பேச்சு இல்லை.

உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். எனக்கும் எழுதும்போது வலித்தது. ஆனால் மூன்றை மாற்ற மாட்டேன்.

நூரு


ஒசாகா
22 ஆகஸ்ட் 1996

நூருன்னிசாவுக்கு,

சலாம். சுகமாக இருக்கிறேன்.

ஊரெல்லாம் ஏழு கொடுத்தபோது என் வீட்டிலிருந்து மூன்று வருகிறது. அதுவும் மவ்லிது சோற்றோடு. ஜமாஅத்தில் இனி நான் யார் முகத்தில் விழிப்பது?

கடிகாரம் ஏன் வைத்தோம் என்று உனக்குத் தெரியாது. ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் அடுத்த ஆள் டோக்கன் போடுவான். கடை நடத்துகிறவனுக்கும் வயிறு இருக்கிறது. நாலு பேர் ஓடி ஜெயிப்பதைப் பார்த்து முழு விளையாட்டையும் கழுவி ஊற்றிவிட்டாய். கோபுரத்தின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக உடையும்படி செய்ய எத்தனை பாடுபட்டேன் தெரியுமா? அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் செய்வதைப் பற்றி இனிமேல் நீ எழுத வேண்டாம்.

கிஃபாயத்துல்லா


கிள்ளான்
15 செப்டம்பர் 1996

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோபத்திலும் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினீர்களே, உம்மாவுக்கு அந்த ஒரு வரியைத்தான் படித்துக் காட்டினேன்.

கண்ணாடி உடைவது அழகுதான். அதற்காகத்தான் மூன்று. இல்லாவிட்டால் ஒன்று.

மற்றதைக் கேளுங்கள். ஏழு கொடுத்தவர்கள் எத்தனை நாள் ஆடினார்கள்? ஒரு மத்தியானம் ஆடியிருப்பார்கள், கண்ணாடி உடைவதைப் பார்த்திருப்பார்கள், எழுதிவிட்டார்கள். நான் வேலை முடிந்து கொமுட்டர் ரயில் பிடித்து வந்து, சாயங்காலம் சாயங்காலமாக நின்றேன். முதலில் ஒருவர்தான் ஓடினார். அடுத்த வாரம் எல்லாரும் ஓடினார்கள். அதற்கடுத்த வாரம் வேடிக்கை பார்க்கவே ஆளில்லை. இப்போது வரிசை பக்கத்துப் பந்தாட்டப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறது. ரெங்கசாமி அங்கிள் கோடெட்சு மேல் துண்டு காயப் போடுகிறார்.

வெளியாள் செய்த விளையாட்டாக இருந்தால் நான் நாலைந்து நாளில் எழுதிவிட்டுப் போயிருப்பேன். உங்களுடையது என்பதால், எங்காவது என் கண்ணுக்குத் தப்பியிருக்குமோ என்று திரும்பத் திரும்பப் போனேன். தப்பவில்லை. எழுத வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். எழுதுவதா வேண்டாமா என்று நான்தான் முடிவு செய்வேன்.

என் பக்கம் எப்படிப் போகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மழை ஆரம்பித்துவிட்டது. கடை வாசலில் தண்ணீர் நிற்கிறது.

தங்கை,
நூரு


கிள்ளான்
18 நவம்பர் 1996

மகன் கிஃபாயத்துல்லாவுக்கு வாப்பா பீர் முகம்மது எழுதிக்கொண்டது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். என் எழுத்து உனக்கு மறந்திருக்காது.

இரண்டு மாதமாக நீ உன் தங்கைக்குப் பதில் போடவில்லை. அவள் தபால்காரன் வரும் நேரத்துக்குக் கடை வாசலுக்கு வந்து நிற்கிறாள், துணி அடுக்குவதுபோல. அதனால் எழுதுகிறேன்.

அவள் பக்கத்தை நிறுத்திவிட்டார்கள். உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். கேம் கடை ரெங்கசாமி அந்தப் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுக்கிறவர். பெட்டி படுத்துவிட்டது, உங்கள் பேப்பரால்தான் என்று சத்தம் போட்டிருக்கிறார். ஆசிரியர் சோலையப்பன் நல்ல மனிதர், ஆனாலும் பத்திரிகை நடத்த வேண்டுமே. இன்னொரு தடவை கொஞ்சம் இனிப்பாக எழுதிவிடு, ஆறோ ஏழோ போட்டுவிடு, பக்கம் தொடரட்டும் என்று இவளிடம் சொல்லியிருக்கிறார். முடியாது என்றுவிட்டாள். உனக்கு ஏழு வேண்டும், பக்கத்துக்கும் ஏழு வேண்டும். அவள் ஒருத்தி மூன்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

எனக்கு விஷயம் தெரிந்ததும் பிரிக்பீல்ட்ஸ் போனேன். சோலையப்பன் என்னைப் பார்த்ததும் மவ்லிது விஷயமாகத்தான் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். நான் சொன்னேன்: “அவ எழுதினதுல வலிச்சது எனக்கும் என் மகனுக்கும். நாங்க ரெண்டு பேரும் ஒங்கள வந்து நிறுத்தச் சொன்னமா? அப்புறம் நீங்க ஏன் நிறுத்தறீங்க?” நம் கடை விளம்பரத்தை அந்தப் பக்கத்துக்குக் கீழே போடுகிறேன், ரெங்கசாமி கொடுப்பதை நான் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால் உன் தங்கை எனக்கு நன்றி சொல்வாள் என்று பார்த்தேன். “வாப்பா காசுல ஓடற பக்கத்துல நான் என்ன எழுதினாலும் யாரு நம்புவாங்க?” என்று கேட்டாள். விளம்பரத்தை நிறுத்திவிட்டேன்.

இப்போது அவளும் அந்தப் படம் வரைகிற பெண்ணும் ஒரே தாளில் எழுதி, ஃபோட்டோஸ்டேட் எடுத்து, கேம் கடை வாசல்களில் கொடுக்கிறார்கள். சுபாங் ஜெயா வரைக்கும் பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வருகிறாள்.

இன்னொன்று. அந்த மாடிக்கு நானும் ஏறினேன். நீ செய்ததைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். எதிரே ஒரு லோரி டிரைவர். முதலில் ஒரு குத்து விட்டேன், அப்புறம் ஓடினேன். ஜெயித்துவிட்டேன். ஜெயித்தும் ஒரு சந்தோஷம் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

உன் உம்மா சலாம் சொல்லச் சொன்னாள். நானும் சொல்கிறேன்.

வாப்பா


ஒசாகா
21 டிசம்பர் 1996

என் நூருவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே பனி கொட்டுகிறது. எனக்கு ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? உண்மையைச் சொல், உம்மாவுக்குப் படித்துக் காட்டுகிற உண்மையை அல்ல.

வாப்பாவின் கடிதம் வந்தது. அவர் எழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் நாள் முழுக்கச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். பக்கம் போனதை நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நீ சொல்லியிருந்தால், அப்போதிருந்த கோபத்தில், நல்லது என்று எழுதியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

கூட்டம் முடிந்தது. எங்கள் மேலாளர் விமர்சனங்களையெல்லாம் மேசையில் பரப்பினார். எல்லாம் ஏழு, இங்கொன்று அங்கொன்று எட்டு. அதற்குப் பக்கத்தில் கடைகளிலிருந்து வந்த கணக்கை வைத்தார். எல்லா ஊரிலும் ஒரே கதை, முதல் மாதம் கூட்டம், பிறகு யாரும் இல்லை. இவ்வளவு நல்ல பெயர் வாங்கிய பெட்டியை ஏன் யாரும் தொடுவதில்லை என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பதில் என் மேசை இழுப்பறையில் ஆகஸ்டிலிருந்து கிடந்தது.

எடுத்து வந்து, நின்றுகொண்டே, உன் விமர்சனத்தை வரி வரியாக ஜப்பானிய மொழியில் சொன்னேன். ஓடி ஒளியக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற வரியை இரண்டு தடவை சொன்னேன். ஏனென்றால் அந்தக் கடிகார விதியை வைத்தது நான்தான். யார் எழுதியது என்று கேட்டார்கள். என் தங்கை என்றேன். எத்தனை மதிப்பெண் என்று கேட்டார்கள். சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

குழுவில் பாதிப் பேரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள், திருத்திக் காட்டச் சொல்லி. நான் மீதியில் இருக்கிறேன். செய்து காட்டுவேன்.

உன் தாள் ஒன்றை எனக்கு அனுப்பு.

காக்கா


கிள்ளான்
12 ஜனவரி 1997

அன்புள்ள காக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கேட்ட உண்மை: பக்கம் போன வாரம் ரயிலில் அழுதேன். இப்போது சுகம். கால்தான் வலிக்கிறது, பஸ் ஏறி இறங்கி.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு வாப்பா வாங்கிக்கொண்டு போய்க் கடையில் வைத்துப் படித்தார். திருப்பித் தரவில்லை.

என் தாள் இதோடு வருகிறது. இந்த முறை ஒரு கார்ப் பந்தய விளையாட்டு, பத்துக்கு எட்டு. பொறாமைப்படுங்கள். என் விமர்சனத்தை எழுந்து நின்று படித்தீர்கள் என்பதற்காக அடுத்த தடவை ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுவேன் என்று நினைக்காதீர்கள்.

பெருநாளுக்கு வருவீர்களா என்று உம்மா கேட்கிறார்கள். வாப்பா கேட்கவில்லை. உம்மா கேட்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

நூரு


ஒசாகா
8 ஜூன் 1997

அன்பு நூருவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளுக்கு வர முடியாமல் போனதற்கு உம்மா இன்னும் வருத்தமா? தூக்கம் குறைவு, மற்றபடி சுகம். இரண்டு புட்டி தைலம் அனுப்பியிருக்கிறேன், ஒன்று அலமாரிக்கு.

திருத்திய கோடெட்சு முடிந்துவிட்டது. ரெங்கசாமி அங்கிள் பெட்டியில் மாட்ட வேண்டிய புது மின்சுற்றுப் பலகை இந்த வாரம் கப்பலேறுகிறது. அவருக்குக் காசில்லாமல் கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

என்ன மாற்றினோம் என்று சொல்ல மாட்டேன். போய் ஆடு. போன வருடம் நாலு வரி கேட்டேன். இந்த வருடம் ஒன்றும் கேட்கவில்லை. உன் கண்ணுக்குப் பட்டதை எழுது.

காக்கா


கிள்ளான்
20 ஜூலை 1997

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா இப்போது தைலம் தேய்க்கிறார்கள், தெரு முழுக்க மணக்கிறது.

வாரக்கணக்கில் ஆடிவிட்டேன். இப்போது கோபுரத்துக்குப் பின்னால் ஒளிந்தால் கோபுரமே இடிந்து தலையில் விழுகிறது. ஓட ஓட இரும்பு சூடேறிக் கவசம் கழன்று விழுகிறது. எதிரே நின்றால்தான் பிழைக்க முடியும். வரிசை மறுபடி படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. துண்டை ரெங்கசாமி அங்கிள் எடுத்துவிட்டார். பேசுவதில்லை, ஆனால் என் தாளைக் கல்லாப் பக்கத்தில் வைத்துக் கொடுக்கிறார்.

பத்துக்கு ஏழு கொடுத்திருக்கிறேன். விழுந்த பூதம் எழுந்திருக்க ரொம்ப நேரம் எடுக்கிறது, அதற்குள் எதிராளி மிதித்துவிடுகிறான். கீழே விழுந்தவனுக்கு ஒரு வாய்ப்பாவது கொடுக்க வேண்டும். மற்றவை தாளில் இருக்கின்றன.

இந்த வருடமும் விமர்சனம் முடிந்த அதே வாரத்தில் மவ்லிது வந்தது. வாப்பா ஃபோட்டோஸ்டேட் கடைக்கே வந்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார்.

“ஏழுதானா?” என்று கேட்டார்.

“ஏழுதான் வாப்பா.”

“சரி. நூறு எடு.”

ராத்திரி வாசலில் நின்று ஒவ்வொரு பையாக அவரே கொடுத்தார். செலாயாங் மாமா பையை வாங்கியதும், “இந்த வருசமும் பேப்பரா மச்சான்?” என்று சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை. “என் மகன் செஞ்சது, என் மகள் எழுதினது. படிச்சிட்டுச் சாப்பிடுங்க” என்றார்.

ஒரு பை மிச்சம். வாப்பா அதை யாருக்கும் கொடுக்க விடவில்லை. சோற்றை எடுத்து உம்மா ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

நூரு


ஒசாகா
3 ஆகஸ்ட் 1997

நூருவுக்கு,

சலாம். எல்லாருடைய சுகத்தையும் நேரில் வந்து விசாரித்துக்கொள்கிறேன். அடுத்த பதிப்புக்குக் குழு நிற்கிறது, முழுக் குழுவும்; வேலை போன பாதிப் பேரையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். டிக்கெட் எடுத்துவிட்டேன், இந்த மாதக் கடைசியில்.

எழுந்திருக்க நேரம் எடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. பத்து மாடி இரும்பு சட்டென்று எழுமா? இதைக் கடிதத்தில் வாதாட முடியாது. மீதி மூன்று மதிப்பெண்ணை வந்து வாங்கிக்கொள்கிறேன்.

காக்கா


கிள்ளான்
12 ஆகஸ்ட் 1997

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஐஸ்பெட்டிச் சோறு அதுவரை தாங்காது என்று உம்மாவிடம் சொல்லிவிட்டேன், வேறு ஆக்குவார்கள்.

வாப்பா தினமும் அசர் தொழுகைக்குப் பிறகு கடையை உம்மாவிடம் விட்டுவிட்டு ரெங்கசாமி அங்கிள் மாடிக்குப் போகிறார். உங்களோடு ஆடப் பழகுகிறாராம், உங்களிடம் சொல்லக் கூடாதாம். ஓடுவதே இல்லை. எதிரே நின்று, தோற்று, சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்.

சீக்கிரம் வாங்க. ஏழு ஏழுதான்.

நூரு